கத்தாத தவளை

போன வாரம், லேப் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருத்தி எனக்கு போன் செய்தாள். கர்ப்பம் பார்க்கிற பட்டையில் 'சி' கோடும் வரவில்லை, கர்ப்பத்தைக் காட்டும் 'டி' கோடும் வரவில்லையாம். டப்பாவில் அது ஒன்றுதான் மிச்சம். வந்திருக்கிற அம்மா பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று வாசலில் நின்று கொண்டிருக்கிறாள். "டி கோடு இல்லதானே மேடம், நெகட்டிவ்னு எழுதிரட்டா?" என்று கேட்டாள். நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. அந்தப் பிள்ளை பயந்து போனை வைத்துவிட்டது. ஓய்வு பெற்று இத்தனை வருஷம் கழித்து, முகம்கூடத் தெரியாத ஒரு பெண்ணை அப்படித் திட்டியிருக்கக் கூடாதுதான். அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, ஏன் திட்டினேன் என்பதை உங்கள் எல்லோருக்குமே சொல்லிவிடுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது இந்தப் பட்டை கிடையாது. தவளைதான். சிரிப்பவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள், பின்னால் சிரிக்க இடம் இருக்காது.

திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் பக்கத்தில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. இப்போது அது இல்லை. அதை நடத்தியவர் ஒரு டாக்டரம்மா. லேபில் நான் ஒருத்தி மட்டும். லேபின் பின்னால் ஒரு சிமெண்டுத் தொட்டி, அடியில் ஈர மணல், அதன் மேல் ஓட்டாஞ்சில்லுகள். அந்த ஓடுகளுக்கு அடியில் சொறித்தவளைகள் உட்கார்ந்திருக்கும். கர்ப்பிணியின் சிறுநீரை ஆண் தவளையின் முதுகுத் தோலுக்கு அடியில் ஊசியால் ஏற்றினால், மூன்று நான்கு மணி நேரத்தில் தவளையின் சிறுநீரில் விந்தணு இறங்கிவிடும். மைக்ராஸ்கோப்பில் வைத்தால் வாலை ஆட்டிக்கொண்டு ஓடுவது தெரியும். தெரிந்தால் கர்ப்பம் உண்டு. தெரியாவிட்டால் இல்லை. நமக்கு இருந்த சோதனை அவ்வளவுதான். நல்ல சோதனையும்கூட.

ஆனால் தவளை ஆணாக இருக்க வேண்டும். பெண் தவளைக்கு எந்தக் கர்ப்பிணியின் சிறுநீரை ஏற்றினாலும் ஒன்றும் இறங்காது. நிறைமாதக்காரியே வந்து நின்றாலும் பெண் தவளை "இல்லை" என்றுதான் சொல்லும்.

எப்படிப் பிரிப்பது? ஆண் கொஞ்சம் சிறிசு. அதன் தொண்டைத் தோல் தளர்ந்து கருத்திருக்கும். முன்னங்காலின் உள்விரலில் சொரசொரவென்று ஒரு கறுப்புத் தடிப்பு இருக்கும். இதெல்லாம் புத்தகத்தில் இருந்தது, பி.எஸ்ஸி. விலங்கியலில் நானும் படம் வரைந்து மார்க் வாங்கியிருக்கிறேன். டாக்டரம்மா இது எதையும் நம்பமாட்டார். சிறிசாக இருப்பது இளம் பெண் தவளையாகவும் இருக்கலாம். விரலில் கறுப்பு, சேறாகவும் இருக்கலாம். அவர் நம்பியது ஒன்றைத்தான். தவளையின் அக்குளுக்குக் கீழே இரண்டு விரலால் பற்றி லேசாக அழுத்த வேண்டும். ஆணாக இருந்தால், வேறொரு ஆண் ஆள்மாறி தன்னைக் கட்டிப்பிடித்துவிட்டது என்று நினைத்து, விடு விடு என்று விட்டுவிட்டுக் கத்தும். பெண் பேசாமல் இருக்கும். தொட்டிச் சுவரில் டாக்டரம்மா தன் கையாலேயே சுண்ணாம்பால் எழுதி வைத்திருந்தார்: கத்தினால்தான் ஊசி.

உங்கள் பட்டையில் இருக்கிற 'சி' கோடு இருக்கிறதே, அதுதான் எங்களுக்கு அந்தச் சத்தம். சோதனை வேலை செய்கிறது என்று அது முதலில் சொல்ல வேண்டும். பிறகுதான் மற்றதெல்லாம்.

இன்னொரு சட்டமும் இருந்தது. ஒரு சோதனைக்கு இரண்டு தவளை. ஒருமுறை ஊசி போட்ட தவளைக்குப் பதினைந்து நாள் ஓய்வு. இந்தச் சட்டங்களையெல்லாம் இரண்டு வருஷம் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். கையும் நன்றாகப் பழகியிருந்தது. ஆசாரமான ஆற்றங்கரைத் தெருவில் பிறந்த பெண் நாள் பூராவும் தவளையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று வீட்டில் முகம் சுளித்தார்கள். கொல்லை வழியாக வந்து குளித்துவிட்டுத்தான் சமையலறைக்குள் நுழையலாம். எனக்கு அதில் ஒரு திமிர்கூட இருந்தது. தொட்ட மாத்திரத்தில் ஆணா பெண்ணா என்று எனக்குத் தெரியும் என்று எல்லோரிடமும் பீற்றிக்கொள்வேன்.

அந்த வருஷம் பிசான நெல் அறுவடை தொடங்கும் நேரம், மாசி முடியப் போகிறது. வாய்க்காலை அடைத்து வயலைக் காயப்போட்டுவிட்டார்கள். தவளை கொண்டுவரும் அண்ணாச்சி வெறும் சாக்கோடு வந்து நின்றார்.

"எல்லாம் மண்ணுக்குள்ள போயிட்டு தாயி. ஒரு மழ விழுந்தாத்தான் வெளிய வரும். நான் தோண்டியா எடுக்க முடியும்?" என்றார்.

தொட்டியில் இருந்தவையும் வெக்கையில் சோர்ந்து கிடந்தன. பல செத்தும் போயின. மிச்சமிருந்தவை கத்துவதற்கே சோம்பின. அதற்கு முந்தின வாரம் ஒரு தவளை எவ்வளவு அழுத்தியும் கத்தவில்லை. விரல் தடிப்பைப் பார்த்து ஆண் என்று முடிவு செய்து ஊசி போட்டேன். அது சரியாகவே "உண்டு" என்று சொன்னது. என்னைக் கெடுத்தது அந்தத் தவளைதான். சட்டத்தை மீறி ஒருமுறை தப்பித்தவளுக்கு அடுத்த முறை மீறுகிறோம் என்ற நினைப்பே வராது.

அப்படிப்பட்ட ஒரு காலையில்தான் இசக்கியம்மாள் வந்தாள். சீவலப்பேரிக்காரி. நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவள், வயது இருபத்தேழு இருபத்தெட்டு இருக்கும். கல்யாணமாகி எட்டு வருஷம். இரண்டு முறை தங்கி, இரண்டு முறையும் மூன்றாம் மாதத்தில் கலைந்துவிட்டது. இப்போது நாள் தள்ளி ஐம்பது நாளாகியிருந்தது. டாக்டரம்மா அவளிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார்: உண்டு என்று வந்தால் அன்றைக்கே வார்டில் படுத்துவிட வேண்டும், மூன்று மாதம் ஒரு குடம்கூடத் தூக்கக் கூடாது. இல்லை என்று வந்தால் வீட்டுக்குப் போகலாம். வீட்டுக்குப் போவது என்றால் அறுப்புக்குப் போவது. வயலில் அறுத்த நெற்கட்டைத் தலையில் சுமந்து களத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பது அவள் வேலை. கூட வந்திருந்த மாமியாருக்கு அன்றைக்கே பதில் தெரிய வேண்டும். விடிந்தால் அவர்கள் பக்கத்தில் அறுப்பு.

ஜன்னலில் பாட்டிலை நீட்டும்போது இசக்கியம்மாள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"நர்சம்மா, நல்லாப் பாத்துச் சொல்லுங்க. எனக்கு உள்ள இருக்குன்னு தெரியுது."

என்னை நர்ஸ் என்றால் எனக்குப் பிடிக்காது. "நான் நர்ஸ் இல்ல. உங்களுக்கே தெரியுதுன்னா இங்க எதுக்கு வந்திய?" என்றேன்.

"நாஞ் சொன்னா வீட்டுல நம்ப மாட்டக்காவ. டாக்டரம்மா சீட்டுல எழுதித் தந்தா நம்புவாவ."

பிறகு இன்னொன்று கேட்டாள். அவள் காலடியில் ஒரு மஞ்சள் பை இருந்தது. மாற்றுச் சேலையும் ஒரு தூக்குச் சட்டியும், அவ்வளவுதான் அதில். "இத மட்டும் பெஞ்சு மேல தூக்கி வச்சிருதியளா?" என்றாள். எனக்குச் சுள்ளென்று வந்தது. ஆள் உயரக் கட்டைத் தலையில் சுமக்கிறவளுக்கு இந்தப் பையைத் தூக்க ஆள் வேண்டுமா? "மகாராணிக்கு வேற என்ன வேணும்?" என்று கேட்டபடி பையை எடுத்து பெஞ்சில் போட்டேன். அவள் கோபப்படவில்லை. வயிற்றின் மேல் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

தொட்டிக்குப் போனேன். மூன்று தவளை உயிரோடு இருந்தது. இரண்டுக்கு ஓய்வு நாள் முடியவில்லை. மூன்றாவது புதிசு, சின்னதாக இருந்தது. உள்விரலில் கறுப்பு தெரிந்தது. அக்குளில் பிடித்து அழுத்தினேன். கத்தவில்லை. கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டு மறுபடியும் அழுத்தினேன். அப்போதும் கத்தவில்லை. சுவரில் டாக்டரம்மாவின் எழுத்து என் கண்ணுக்கு நேரே இருந்தது. வெக்கையில் சோர்ந்திருக்கிறது, போன வாரத் தவளை மாதிரி, என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு தவளைச் சட்டத்தையும் மறந்து, அந்த ஒன்றுக்கே ஊசியைப் போட்டேன்.

மதியம் மூன்று தடவை பார்த்தேன். மைக்ராஸ்கோப்பில் ஒன்றும் ஓடவில்லை. மாமியார் ஜன்னலுக்கு வந்து, "மூணு மணி பஸ்ஸ விட்டா பொறவு இருட்டீரும். என்னன்னு சொல்லுங்க தாயி" என்று நின்றாள். எங்கள் சீட்டில் இரண்டே வார்த்தை அச்சடித்திருக்கும். உண்டு, இல்லை. பொருந்தாத ஒன்றைக் கோடு போட்டு அடிக்க வேண்டும். "உண்டு" என்பதை அடித்தேன். டாக்டரம்மா பிரசவ அறையில் ஒரு சிக்கலான கேஸோடு இருந்தார். கதவு வரை சீட்டை எடுத்துப் போனேன். கையுறையைக் கழற்றிவிட்டு, கையெழுத்துப் போடும் முன் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கத்திச்சா?"

தலையாட்டினேன்.

அவர் கையெழுத்துப் போட்டார். அந்தத் தலையாட்டலை நான் இன்றுவரை பலவிதமாக நியாயப்படுத்திப் பார்த்திருக்கிறேன். முடியவில்லை. தவளை பற்றாக்குறை என் தப்பு இல்லை. வெக்கை என் தப்பு இல்லை. அந்தச் சீட்டின் ஓரத்தில் "தவளை போதாது, உறுதி இல்லை, ஒரு வாரம் கழித்து வரவும், அதுவரை சுமை தூக்க வேண்டாம்" என்று எழுத நான்கு வரி இடம் இருந்தது. தெரியவில்லை என்று எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. தொட்டாலே தெரியும் என்று பீற்றிக்கொண்டவள் அல்லவா.

சீட்டை வாங்கிய இசக்கியம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. மாமியாருக்கும் தெரியாது. நான் வாயால் சொன்னேன். "இல்ல." மாமியார், "கேட்டியாட்டி? எந்திரி, பஸ் போயிரும்" என்றாள். இசக்கியம்மாள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து, பெஞ்சிலிருந்த பையை அவளே தூக்கிக்கொண்டாள்.

பன்னிரண்டாம் நாள் அவளை மறுபடியும் கொண்டுவந்தார்கள். களத்துக்குப் போகும் வழியில், வரப்பில், தலைச்சுமையோடு உட்கார்ந்துவிட்டாளாம். ரத்தம் நிற்கவில்லை. டாக்டரம்மா இரண்டு மணி நேரம் போராடி அவள் உயிரைக் காப்பாற்றினார். அதற்குப் பிறகு நேராக லேபுக்கு வந்தார்.

"இருந்திருக்கு. என் கண்ணால பாத்தேன்" என்றார். "அந்தத் தவளை இன்னும் இருக்கா?"

இருந்தது. எடுத்தேன். "பிடி" என்றார். அக்குளில் பிடித்தேன். கத்தவில்லை. "இன்னும் அழுத்து." கத்தவில்லை. அவர் கத்தியை எடுத்து என் கையில் கொடுத்தார். நான் அதை மயக்கி, பலகையில் மல்லாத்தி, வயிற்றைத் திறந்தேன். உள்ளே கடுகு கடுகாகக் கறுப்பு முட்டைகள், இடமில்லாமல் அடைத்துக்கொண்டிருந்தன.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் அழுதிருப்பேன், அதோடு போயிருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து, "படுத்திருந்தாலும் கலைஞ்சிருக்கலாம். கலையாமலும் இருந்திருக்கலாம். அது இனிமே யாருக்கும் தெரியாது. ஆனா தப்பு நம்ம பக்கம்னு அவளுக்குத் தெரியணும். கையெழுத்து என்னுது, நான் போய்ச் சொல்றேன்" என்றார்.

"நானே சொல்லுதேன் டாக்டர்" என்றேன். அந்த நேரத்தில் உண்மையாகத்தான் சொன்னேன்.

வார்டில் இசக்கியம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். வீட்டு ஆட்கள் யாரும் அங்கே இல்லை. நான் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றதும் திரும்பினாள். நான் வாயைத் திறக்கும் முன் அவள் பேச ஆரம்பித்தாள்.

"எனக்குத் தெரிஞ்சுது நர்சம்மா. உள்ள இருக்குன்னு தெரிஞ்சுது. ஆனா நீங்க இல்லன்னதும் நானும் இல்லன்னு நெனச்சுட்டேன். பெத்தவளே நம்பலன்னா அது எங்கன இருக்கும்? கோவிச்சிக்கிட்டுப் போயிட்டு."

அவள் குரலில் என் மேல் ஒரு துளி குற்றச்சாட்டு இல்லை. எல்லாப் பழியையும் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, அதையும் சுமக்கத் தயாராக இருந்தாள். அந்த இடத்தில் நான் சொல்ல வேண்டியது ஒரு வரி. தப்பு என்னுடையது, நீ நினைத்ததுதான் சரி. அது தொண்டை வரை வந்தது. அவள் கத்துவாளோ, மாமியார் ஊரைக் கூட்டுவாளோ, ஜங்ஷன் முழுக்க என் பேர் நாறுமோ என்றெல்லாம் யோசித்தேன். அவளுடைய போர்வையைச் சரிசெய்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

நடைபாதையில் டாக்டரம்மா காத்திருந்தார்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

இரண்டே முறைதான் அவர் என்னிடம் கேட்டார். இரண்டு முறையும் பொய் சொன்னேன். நான் சொல்லிவிட்டேன் என்று நம்பியதால்தான் அவர் போய்ச் சொல்லவில்லை. தவளையைத் தப்பாகப் பிரித்தது அறியாமல் செய்த பிழை என்றாவது வாதாடலாம். இது அப்படி இல்லை.

இரண்டு மாதம் பொறுத்தேன். தூக்கம் கெட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை டவுன் பஸ் ஏறி சீவலப்பேரிக்குப் போனேன். விசாரித்தால், அவள் புருஷனுக்கு வேறு இடத்தில் பெண் பேசி முடித்துவிட்டார்கள். இசக்கியம்மாள் மலைமேல் எஸ்டேட்டுக்குத் தேயிலை பறிக்கப் போய்விட்டாள் என்றார்கள். எந்த எஸ்டேட் என்று யாருக்கும் தெரியவில்லை, அல்லது என்னிடம் சொல்ல விருப்பமில்லை. ஆற்றங்கரையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன். போனேன், ஆளைக் காணவில்லை என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். மேலும் தேடியிருக்கலாம். தேடவில்லை. டாக்டரம்மா இறந்த பிறகு, இந்த விஷயம் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்றாகிவிட்டது.

தவளை போய் வேறு முறைகள் வந்தன, பிறகு பட்டை வந்தது. நான் பாளையங்கோட்டையில் வேறொரு ஆஸ்பத்திரியில் லேபுக்குப் பொறுப்பாக இருந்தேன். ஓய்வு பெற ஒரு வருஷம் இருக்கும்போது, ஒரு காலை, சர்க்கரை பார்க்க ஒரு கிழவி வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். கையை நீட்டினாள். கொழுந்து பறித்துப் பறித்து விரல் நுனியெல்லாம் காய்த்துப்போயிருந்தது. நான் ரத்தம் எடுக்கும்போது என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நர்சம்மா, இப்பமும் தவள வச்சிருக்கியளா?" என்றாள்.

இசக்கியம்மாள்தான். ஊசியை உருவிப் பஞ்சை வைத்தேன். பக்கத்திலிருந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். இந்த முறை எதையும் யோசிக்கவில்லை. யோசித்தால் சொல்லமாட்டேன் என்று தெரியும். அந்தத் தவளை பெண் என்று சொன்னேன். பெண் தவளை யாருக்கும் உண்டு என்று சொல்லாது என்று சொன்னேன். அது கத்தவில்லை, கத்தாமலே ஊசி போட்டேன், டாக்டரம்மாவிடம் பொய் சொன்னேன், வார்டுக்கு வந்தது இதைச் சொல்லத்தான், சொல்லாமல் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் முழங்கையில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடியே இருந்தாள்.

"அப்பம் அது கோவிச்சுட்டுப் போகலையா?"

"கோவிக்கல. நீங்க நெனச்சதுதான் சரி. தப்பு பூராவும் என்னுது."

"நான் தெனமும் அதுகிட்ட மன்னிப்புக் கேக்கேன்" என்றாள். "மலைல கொழுந்து பறிக்கையில கேப்பேன். விளக்கு வைக்கையில கேப்பேன். இன்னைக்குக் காலையில, பஸ்ஸுல வரையிலயும் கேட்டேன்."

அவள் என்னைத் திட்டவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது, துடைக்கவும் இல்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அது அவள் காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது.

நீங்கள் நாளைக்கு எத்தனையோ மெஷின்களில் வேலை பார்ப்பீர்கள். மெஷின் பேசாமல் இருந்தால் அதை "இல்லை" என்று எழுதிவிடாதீர்கள். தெரியவில்லை என்று எழுதுங்கள், யார் கோபித்தாலும் எழுதுங்கள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவள் தன் உடம்பைப் பற்றி ஒன்று சொன்னால், அதையும் காதில் போட்டுக்கொள்ளுங்கள். தப்பு நடந்துவிட்டால் அன்றைக்கே போய்ச் சொல்லிவிடுங்கள். நான் முப்பத்தைந்து வருஷம் கழித்துச் சொன்னேன். அது வரை ஒவ்வொரு நாளும், நான் கேட்க வேண்டிய மன்னிப்பை அவள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

அன்றைக்கு, பேசி முடித்ததும் இசக்கியம்மாள் எழுந்தாள். அவள் காலடியில் ஒரு பை இருந்தது. மாத்திரைச் சீட்டும் தண்ணீர் பாட்டிலும் வைத்த சின்னப் பை. நான் அவசரமாகக் குனிந்து அதை எடுக்கப் போனேன்.

"இருக்கட்டும் நர்சம்மா" என்று என் கையை விலக்கினாள். "நானே தூக்கிக்கிடுதேன்."